தொடக் கூடாத பணம்

மார்ச் 3

டாக்டரம்மா எழுதி வைக்கச் சொன்னார். "அவங்க என்னென்ன மறக்கறாங்க, என்ன செய்யறாங்கன்னு அப்பப்ப குறிச்சு வைங்க ஐயா. அடுத்த தடவை வரும்போது எனக்கு உதவியா இருக்கும்." நான் பள்ளிக்கூடத்துக்குள் போனது வாழ்க்கையில் ஒரே தடவை. அதுவும் அந்தக் கட்டடத்துக்குத் தரை பாலிஷ் போட. எனக்கு எழுத வரும் என்று அந்தம்மாவுக்கு எப்படித் தோன்றியதோ. வரும். அறுபது வயதைத் தாண்டிய பிறகு என் வீட்டுக்காரி சொல்லிக் கொடுத்தாள். ஆனால் எழுத வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. எல்லாம் தலைக்குள்ளேயே கிடக்கும். கல்யாணமான புதிதில் எந்த வீட்டில் எந்த அறைக்கு என்ன நிறத் தரை போட்டேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அவளுக்காகத்தான் இப்போது பேனாவை எடுத்திருக்கிறேன்.

சரி, இன்றைக்கு நடந்தது. டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டாள். காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டு, அதையே மறுபடி வாளியில் முக்கினாள். மகளோடு ஃபோனில் நன்றாகப் பேசினாள், பேரப்பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றியெல்லாம் கேட்டாள். வைத்ததும் என்னிடம், "யாருங்க இந்தப் பொண்ணு? ரொம்ப மரியாதையா பேசுது" என்றாள்.

மார்ச் 4

காலையில் பார்க். எங்கள் பெஞ்ச் எங்களுக்காகவே காலியாக இருந்தது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், பார்லர்காரம்மா, எலக்ட்ரீஷியன், நாங்கள் இருவர். எலக்ட்ரீஷியனுக்கு நாங்கள் வைத்த பேர் அவசரம். ஷேர் மார்க்கெட் ஒரு விரல் இறங்கினாலும் மியூச்சுவல் ஃபண்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவான். ஏறியதும் ஓடிப்போய் மறுபடி போடுவான். விலை அதிகமாகும்போது வாங்கி, குறையும்போது விற்பது அவன் ஒருவனுக்கே கைவந்த கலை.

நேற்று மார்க்கெட் பலமாக விழுந்ததாம். அதுதான் இன்றைய பேச்சு.

"விழட்டுமே. விழும்போது அதே காசுக்கு அதிக யூனிட் கிடைக்கும்" என்றார் கண்டக்டர். "பஸ்ஸு பள்ளத்துல இறங்கிடுச்சுன்னு எவனாவது ஜன்னல் வழியா குதிப்பானா?"

"குதிக்க மாட்டான். ஆனா டிரைவர் முழிச்சிட்டிருக்கானான்னு ஒரு தடவை எட்டிப் பாப்பான்ல?" என்றான் அவசரம்.

"நீ எட்டிப் பாக்கற ஆளா? போன தடவை குதிச்சு முட்டி பேந்தது இன்னும் ஆறல, அதுக்குள்ள ஜன்னல் ஓரம் வந்து உக்காந்துட்டான் பாரு" என்றார் பார்லர்காரம்மா.

மியூச்சுவல் ஃபண்ட் என்ற பேச்சை இந்தப் பெஞ்சுக்குக் கொண்டுவந்தவளே என் வீட்டுக்காரிதான். தியேட்டரில் டிக்கெட் கவுண்ட்டரில் இருந்தவள். வரிசையில் நின்றவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு, கேள்வி கேட்டு, கற்றுக்கொண்டாள். கண்டக்டருக்கும் பார்லர்காரம்மாவுக்கும் அவள்தான் முதல் தவணை கட்ட வைத்தாள். பெஞ்சுக்குச் சட்டம் போட்டதும் அவள். மாதாமாதம் போட வேண்டும். விழுகிற நாளில் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது. எதற்காகச் சேர்க்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும், அந்தக் காரியம் வரும்வரை தொடக் கூடாது. கண்டக்டர் மகனுக்குக் கடை வைக்க. பார்லர்காரம்மா வாடகைக் கடையை விட்டுச் சொந்தக் கடைக்குப் போக. அவசரத்துக்கு மாதம் ஒரு காரியம். இவள் மட்டும் சொன்னதில்லை. "பதினஞ்சு வருஷம் ஆகட்டும், சொல்றேன்" என்பாள். சட்டம் போட்டவளே சட்டத்தை மீறலாமா என்று எல்லாரும் கேலி செய்வார்கள். சிரிப்பாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். பதினொரு வருடம் முடிந்திருக்கிறது.

கண்டக்டர் இன்று சொன்னார்: "இதுல ஜெயிச்சவன் யாரு தெரியுமா? படிச்சவன் இல்ல, கணக்குப் போட்டவன் இல்ல. போட்டுட்டு சுத்தமா மறந்துட்டவன். மறதிக்காரனை அடிச்சுக்க ஆளே கிடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகமாகச் சிரித்தாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். இவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 9

குளிக்க வைத்தேன். முதலில் மறுத்தாள், பிறகு சரி என்றாள்.

மார்ச் 15

கதவைத் தாழ்போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மத்தியானம் முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு சற்றுக் கண்ணை மூடினேன். விழித்தால் கதவு திறந்து கிடக்கிறது. ஆள் இல்லை. தெருவெல்லாம் தேடினேன். மெயின் ரோட்டில் லாரி ஒவ்வொன்றும் என் மேலேயே வருவது போல் இருந்தது. எங்கே போயிருப்பாள் — எங்கே? யோசித்துப் பார்த்தேன். அவள் வாழ்நாளில் தினமும் போன ஒரே இடம் எது?

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது மேஜை நாற்காலி விற்கிற கடை. உள்ளே போனேன். பில் போடுகிற மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் கட்டில் வாங்க வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி. "எத்தனை டிக்கெட்? சீக்கிரம் சொல்லுங்க, படம் போட்டுடுவாங்க" என்கிறாள். கடைக்காரர் ஓரமாகக் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். "ரோட்டை அவங்களாவே கடந்து வந்தாங்க ஐயா. பாக்கவே பயமா இருந்துச்சு. நல்லவேளை, வண்டிக்காரங்க பிரேக் போட்டாங்க" என்றார்.

நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. "ரெண்டு" என்றேன். வெறும் கையால் கிழித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, "வாங்க, படம் ஆரம்பிச்சிடும்" என்றேன். எழுந்து வந்தாள்.

மார்ச் 17

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். தனியாக விடவே கூடாது. என் முட்டியை வைத்துக்கொண்டு நான் ஒருவனாகப் பார்க்க முடியாது. பகலில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் இல்லம் இருக்கிறது. காலையில் கொண்டு விட்டால் மாலையில் கூட்டி வரலாம், பழகிய பெண்கள் இருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். நல்ல வெளிச்சம். தரை வழுக்காத தரை, சொரசொரப்பாக விட்டிருக்கிறார்கள், யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஒரு கிழவி ஜன்னலோரம் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இங்கே இவள் இருப்பாள் என்று மனசுக்குப் பட்டது. மாதக் கட்டணம் கேட்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மகளிடம் சொன்னேன். அவள் கைமாற்று வாங்கியாவது அனுப்புகிறேன் என்றாள். அவள் நிலைமை எனக்குத் தெரியாதா. பிறகு அவளே, "அப்பா, அம்மாவோட ஃபண்ட் இருக்கே! அதை எடுங்க. அம்மாவுக்குத்தானே செலவு பண்றோம்" என்றாள்.

இருக்கிறதே. எனக்கு ஏன் தோன்றவில்லை? தொடக் கூடாது, தொடக் கூடாது என்று பதினொரு வருடம் கேட்டுக் கேட்டு, அது பணம் என்பதே மறந்துவிட்டது.

மார்ச் 20

இன்று பெஞ்சில் சொல்லிவிட்டேன். அவள் எதிரில் இல்லை, அவளைச் செடிகளுக்கு நடுவே பார்லர்காரம்மாவின் தங்கை நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர், "மறதிக்காரனை அடிச்சுக்க ஆளில்லன்னு நான் வேற — வாயில மண்ணை அள்ளிப் போட" என்று தலையில் அடித்துக்கொண்டார். "விடுங்க அண்ணே, அவ சிரிச்சாளே" என்றேன்.

பணம் எடுப்பது அவள் ஃபோனில் இருந்தே முடியுமாம். ரகசிய எண் வேண்டும். எனக்குத் தெரியாது. கவுண்ட்டரில் கல்லாப் பெட்டியைக் கையால் மறைத்துத் திறந்து பழகியவள். ஃபோனிலும் அப்படித்தான், ஒரு கையால் மறைத்து மறு கையால் அமுக்குவாள். அவள் அமுக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். யாரும் சொல்லவில்லை, அது ஒரு மரியாதை. உலகத்தில் வேண்டாததெல்லாம் என் மண்டையில் இருக்கிறது. அந்த நான்கு எண் மட்டும் இல்லை.

அவள் நடந்துவிட்டு வந்ததும் அவளிடமே ஃபோனைக் கொடுத்துக் கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அழகா இருக்கே" என்றாள்.

"பொம்பளைங்க புள்ள பொறந்த வருஷத்தைத்தான் வைப்பாங்க" என்றார் பார்லர்காரம்மா. அமுக்கினோம். தவறு. "கல்யாண வருஷம்" என்றார் கண்டக்டர். தவறு. நான் சற்று யோசிக்கலாம் என்றேன். அதற்குள் அவசரம், "பூஜ்யம் ஒண்ணு ரெண்டு மூணு, பாதிப் பேரு இதைத்தான் வைக்கறாங்க" என்று படபடவென்று அமுக்கிவிட்டான். கணக்கு பூட்டிக்கொண்டது.

"அடப்பாவி" என்றார் பார்லர்காரம்மா. "உன் பணத்தைத்தான் அவசரப்பட்டு அழிப்பேன்னு நினைச்சேன், அடுத்தவங்க பணத்தையுமா?"

பாவம், அவன் முகம் செத்துவிட்டது. நல்லதுக்குத்தான் செய்தான்.

மார்ச் 22

கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு ஃபண்ட் ஆபீசுக்குப் போனேன். இவளைப் பார்லர்காரம்மா கடையில் விட்டேன்.

இந்த ஆபீசுக்கு நான் முன்னால் ஒரே தடவை வந்திருக்கிறேன், கணக்கு ஆரம்பித்த அன்று. அப்போது எனக்குக் கையெழுத்து கிடையாது. இரண்டு பேர் பெயரிலும் போடலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்கள். அதற்கு நான் கைநாட்டு வைக்க வேண்டும். மைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்கள். பின்னால் வரிசை. டை கட்டிய ஒரு பையன் என் கட்டை விரலையே பார்த்தான். நான் கையை மடித்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "என் பேருல மட்டும் போடுங்க சார், போதும்" என்றாள். நாமினியாக என் பெயரை அவளே சொன்னாள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் சிலேட்டு வாங்கி வந்தாள்.

இப்போது அங்கே இருந்த மேடத்துக்கு என் மகள் வயது இருக்கும். பொறுமையாகக் கேட்டார்.

"நான்தான் நாமினி, மேடம். என் பேரு அதுல இருக்கு."

"இருக்கு ஐயா. ஆனா நாமினிங்கறது..." நிறுத்தினார். கண்டக்டரைப் பார்த்தார்.

"அவங்க காலத்துக்கு அப்புறம்தானா?" என்றார் கண்டக்டர்.

"ஆமா. அப்படின்னா ஒரு வாரத்துல இவருக்குப் போயிடும். இப்ப அவங்க இருக்காங்க இல்லையா, அவங்களேதான் சொல்லணும். நேர்ல கூட்டிட்டு வாங்க. ரெண்டு மூணு கேள்வி கேப்பேன். இது என்ன பணம், எடுக்க சம்மதமா, யாராவது வற்புறுத்தறாங்களா. தெளிவா சொன்னா போதும். நல்லா இருக்கற நாளா பாத்து வாங்க."

செத்தால் ஒரு வாரத்தில் வரும். உயிரோடு இருப்பதால் வராது. பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

மார்ச் 23

கோர்ட்டில் மனுப் போட்டால் என் பொறுப்பில் விடுவார்களாம், மகள் விசாரித்துச் சொன்னாள். அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். இழுக்கும் என்றாள்.

மார்ச் 29

இன்று என்னை அண்ணே என்று கூப்பிட்டாள்.

முதலில் வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன். இருந்தது நாங்கள் இருவர்தான். "அண்ணே, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"தரை வேலைம்மா. பாலிஷ் போடறது."

முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரும் அதே வேலைதான்! உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"பாத்திருக்கேன்."

"நல்லா வேலை செய்வாரா?"

"சுமாரா செய்வாரு."

கோபம் வந்துவிட்டது. "சுமாரா? போயி அவரு போட்ட தரையைப் பாருங்க. முகம் பாத்துத் தலை வாரலாம்" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் வரக் காணோம். எங்கயாவது தண்ணி கட்டி வச்சிட்டு பக்கத்துலயே உக்காந்திருப்பாரு" என்றாள்.

உண்மைதான். சிமெண்டில் கல் சில்லு கலந்து கொட்டியதும் மேலே தண்ணீர் கட்டி விட வேண்டும். அப்படியே கிடக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் அவசரப்படுவார்கள். ஊறும் முன்னால் மெஷினை வைத்தால் சில்லெல்லாம் பெயர்ந்து வந்துவிடும், தரை குழி குழியாகிவிடும். ஃபண்ட் என்றால் என்ன என்று அவள் முதலில் எனக்கு அப்படித்தான் புரிய வைத்தாள். "உங்க தரை மாதிரிதாங்க. தண்ணி கட்டிட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்."

ஆனால் ஒன்று. தண்ணீர் கட்டுகிறவன் கடைசியில் அந்தத் தரையில் நடந்து பார்ப்பான். நீண்ட காலம், நீண்ட காலம் என்று பெஞ்சில் எவ்வளவு லேசாகச் சொன்னோம். காலம் பணத்துக்கு மட்டுமா ஓடும்? அவளுக்கும்தானே ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்க்கவில்லை.

அவளை அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தேன். என் பெண்டாட்டி என்னைப் பற்றி என்னிடமே பெருமை பேசுகிறாள். கட்டிய நாளிலிருந்து என் முகத்துக்கு நேரே ஒரு நாள் சொன்னதில்லை.

ஏப்ரல் 2

சாப்பிடவில்லை. நானும்.

ஏப்ரல் 6

நல்ல நாளாகப் பார்த்துக் கூட்டிப் போனேன். காலையில் என்னை "என்னங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். தலையை அவளே வாரிக்கொண்டாள். இன்றைக்கு நடந்துவிடும் என்று நினைத்தேன். அவசரம் ஆட்டோ கொண்டுவந்தான், அவனுக்கு மனசு ஆறவில்லை. வாடகை வாங்கமாட்டேன் என்றான். "ஆட்டோவே உன்னோடது இல்லையேடா" என்றேன். "நான் கொடுத்துக்கறேன், ஏறுங்க" என்றான்.

மேடம் எழுந்து வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். நான் பக்கத்தில். தண்ணீர் கொடுத்தார்.

"அம்மா, இங்க உங்க பணம் இருக்கு, தெரியுமா?"

"தெரியுமே." நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு மூச்சே வந்தது. கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பாளே, அதே முதுகு. "மாசாமாசம் போடறேன். ஒரு மாசம் தவறினதில்ல. மார்க்கெட் விழுந்தாலும் நிறுத்தக் கூடாது, விழும்போதுதான் யூனிட் நிறைய வரும். நடுவுல தொடக் கூடாது. பதினஞ்சு வருஷம்."

மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"ரொம்ப சரியா சொல்றீங்க. இப்ப உங்க வைத்தியச் செலவுக்கு அதுல கொஞ்சம் எடுக்கலாமா?"

"எனக்கு என்ன வைத்தியம்? நல்லாத்தானே இருக்கேன்."

"சரி. இவரு யாரும்மா?"

என் பக்கம் திரும்பினாள். அவள் கண் என் முகத்தில் மெதுவாக ஊர்ந்தது. வரும், வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பெயரை உதட்டில் வைத்துக் கொடுக்கலாம் போல இருந்தது. கொடுக்கக் கூடாது, மேடம் முன்பே சொல்லியிருந்தார்.

"கூட வந்தவரு" என்றாள். "நல்ல மனுஷன். பாவம், முட்டிவலி."

மேடம் குரலைத் தாழ்த்தினார். "பணத்தை எடுக்க உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"கூடாதும்மா." கையை மேஜை மேல் மறைப்பாக வைத்தாள், கல்லாவை மறைக்கிற மாதிரி. "அது என் வீட்டுக்காரருக்குப் போட்டது. யாருக்கும் தர மாட்டேன்."

"வீட்டுக்காரருக்கா?"

"அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா விடமாட்டாரு, உனக்கு ஏதாவது வாங்கிக்கம்பாரு. முட்டி போட்டு முட்டி போட்டே வேலை செஞ்சவரு, வயசான காலத்துல என்னம்மா பண்ணுவாரு? பென்ஷனா வருது? நான் போயிட்டா மக கிட்டயும் வாய் திறந்து கேக்க மாட்டாரு. ரோஷக்காரரு. அவருக்குக் கையெழுத்து வேற வராது. கைநாட்டு வைக்கச் சொன்னா முகம் சுருங்கிப் போயிடும். நான் பாத்திருக்கேன். அதான் என் பேருல போட்டேன். எனக்கப்புறம் அவரு யாரு முன்னாடியும் நின்னு கேக்க வேண்டாம், தானா அவர் கைக்குப் போகும். அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். எடுத்துப் பாருங்க."

மேடம் எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். என்னிடம், "ஐயா... நீங்க சொல்லிப் பாருங்க. வேணும்னா இன்னொரு தடவை கேக்கறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பெஞ்சில் எத்தனை தடவை கேட்டோம், எதுக்கும்மா சேக்கறீங்கன்னு.

"வேணாம் மேடம்" என்றேன். "அவங்க வேணாங்கறாங்க. விட்டுடுங்க."

வெளியே போகும்போது வாசலில் காவலாளி வருகைப் பதிவில் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். அவள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"நல்லாப் போடறீங்களே அண்ணே. எந்தப் பள்ளிக்கூடம்?"

"பள்ளிக்கூடம் போனதில்லம்மா. என் வீட்டுக்காரி சொல்லிக் கொடுத்தா."

"கெட்டிக்காரி" என்றாள்.

ஏப்ரல் 7

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 10

மகள் அழுதாள். "அம்மாவுக்கு ஒண்ணும் புரியல அப்பா, நீங்க ஏன் விட்டீங்க? இன்னொரு நாள் போயிருக்கலாமே. இல்லன்னா கோர்ட்டுக்காவது போயிருக்கலாமே." நியாயம்தான். இன்னொரு நாள் போனால் சரி என்று சொல்லியிருப்பாளாக இருக்கும். தலையாட்டச் சொன்னால் ஆட்டுகிற நாளும் வருகிறது.

ஆனால் நான் கேட்டுவிட்டேனே. அவளுக்குத் தெளிவாக இருந்த ஒன்றே ஒன்று அதுதான். நான் யார் என்று தெரியவில்லை, எனக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. அதையும் எப்படிப் பிடுங்குவேன்? கோர்ட்டில் போய், இவளுக்குப் புத்தி இல்லை என்று நானே எப்படிச் சொல்வேன்?

மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பாத்துக்கலாம்மா" என்றேன். எப்படிப் பார்ப்பது?

ஏப்ரல் 19

பெஞ்ச். ஃபண்ட் ஆபீசில் நடந்ததை அவசரம் ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லிவிட்டான். கண்டக்டர் வெகுநேரம் தடியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். "பதினஞ்சு வருஷம் ஆகட்டும் சொல்றேன்னாங்களே. நாம என்னடான்னா நகை வாங்கவா, ஊர் சுத்தவான்னு கேலி பண்ணோம்" என்றார்.

பார்லர்காரம்மா மட்டும் கோபமாக இருந்தார். "நீங்க பண்ணது தப்பு அண்ணே. மூஞ்சிக்கு நேரா சொல்றேன். பணம் மனுஷனுக்காகவா, மனுஷன் பணத்துக்காகவா?" என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "காலையில கடையில கொண்டாந்து விடுங்க. என் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கட்டும். அங்க ரோடு கிடையாது, சந்துதான்" என்றார். மத்தியானத்துக்குக் கண்டக்டரின் மனைவி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். அவசரம் வீட்டுக் கதவுக்கு மணி மாட்டித் தருகிறானாம், திறந்தால் அடிக்கும்.

"நீ மாட்டினா திறக்கறதுக்கு முன்னாடியே அடிக்குமேடா" என்றார் கண்டக்டர்.

அவள் சிரித்தாள். எதற்கு என்று தெரிந்து சிரித்தாளோ என்னவோ.

ஏப்ரல் 24

வேலைக்குப் போனேன். என்னிடம் தொழில் கற்றவன் இப்போது பெரிய கான்ட்ராக்டர். முட்டி போட வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து ஆட்கள் போடுகிற தரையைப் பார்த்துச் சொன்னால் போதும் என்றான். தயவுக்குத் தருகிற வேலை என்று எனக்குத் தெரியாதா. வாங்கிக்கொண்டேன். ரோஷக்காரராம். எங்கே போயிற்று அந்த ரோஷம்?

ஏப்ரல் 30

இன்று முழுக்க ஒரு தடவையும் "என்னங்க" இல்லை.

மே 5

சம்பளமும் மகள் அனுப்பியதும் சேர்ந்து, வாரத்தில் இரண்டு நாள் அந்த இல்லத்துக்குப் போதும். மற்ற நாளெல்லாம் பார்லர்காரம்மா கடை. அங்கே வருகிறவர்களை வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருக்கிறாளாம். "உங்க வீட்டம்மா வந்ததிலேருந்து என் கடையில சண்டையே இல்ல" என்றார் பார்லர்காரம்மா. மார்க்கெட் மறுபடி ஏறிவிட்டது என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். அவசரம் திரும்பப் போட்டுவிட்டான்.

சாயங்காலம் வேலை முடிந்து கூட்டி வந்தேன். அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அலமாரி மேல் இருந்த அவள் ஃபோன் சத்தம் கொடுத்தது. ஐந்தாம் தேதி. ஃபண்டுக்கு மாதத் தவணை பாங்கிலிருந்து தானாகப் போனதும் வருகிற செய்தி. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"போயிடுச்சா அண்ணே?"

எடுத்துப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், கண் சரியாகத் தெரியவில்லை.

"போயிடுச்சும்மா."

கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு என் கையை இழுத்துக் காதருகில் குனிந்து சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். அவருகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.